வாழைக்குலை வரைபுக்கு நான் போட்ட லைட்

பிள்ளைகளே, இந்தப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு என் மடத்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தேநீர் நேரத்தில் வேறு யாரிடமாவது கேட்டால் அவர்கள் இரண்டு மடங்காக்கிச் சொல்வார்கள்.

முப்பரிமாண வரைபுக்கு ஒளி போடுவதென்பது கலியாணப் பொம்பிளைக்கு லைட் போடுவது மாதிரி என்று நான் நம்பியிருந்தேன். கூடுதலாகப் போட்டால் கூடுதல் வடிவு. மூக்கு எடுப்பாகத் தெரியும், நகை மின்னும், மாமிமார் சந்தோசப்படுவார்கள், ஒருவருக்கும் நட்டமில்லை. கணக்குப் பார்க்கிறவர்கள் கணக்கைப் பார்க்கட்டும். அது முடிந்து என் மேசைக்கு வந்த பிறகு அதைச் சோடித்து அனுப்புவது என் வேலை. சோடிப்பால் கணக்கு மாறுமா என்ன?

இந்த நம்பிக்கை எனக்கு வந்த வழி நேர்வழிதான். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இந்தப் புள்ளிவிபரப் பிரிவில் சேர்வதற்கு முன் மச்சான் ஒருவரின் ஸ்ரூடியோவில் லைட் பிடித்திருக்கிறேன். எந்தக் கன்னத்தில் வெளிச்சம் விழுந்தால் எந்தக் குறை மறையும் என்று எனக்குத் தெரியும். அந்த அறிவோடு இங்கே வந்து உட்கார்ந்தவனுக்கு, மென்பொருளில் ஒளியின் திசை, பளபளப்பு, நிழலின் அழுத்தம் என்று தனித்தனியாகத் திருக இடம் இருப்பதைக் கண்டதும் சொந்த ஊருக்கு வந்தது மாதிரி இருந்தது.

எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று நான் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் சொல்லக்கூடியது பயத்தைப் பற்றி. முன்கூட்டியே ஓய்வெடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தாலும், பயப்படுவதில் என்னை மிஞ்ச இந்தப் பிரிவில் இன்னும் ஆள் வரவில்லை என்றுதான் கேள்விப்படுகிறேன்.

அப்போது எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாக ஒரு மேடம் வந்திருந்தார். என்னைவிட எவ்வளவோ இளையவர். அவர் என்னை அண்ணை என்பார், நான் அவரை மேடம் என்பேன். அவருக்காக நான் சோடித்த முதல் வரைபு இப்போதும் நினைவிருக்கிறது. சிவப்பு, மஞ்சள், பச்சை, ஊதா, ஓரத்தில் பொன்நிறக் கோடு. நிமிர்ந்து உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தலையை ஒருபக்கம் சரித்து ஆறுதலாக, அவசரப்படாமல் பார்த்தார்.

"நல்ல வடிவு அண்ணை. கொடியேற்றம் எப்ப?"

அன்றிலிருந்து கலரைக் குறைத்தேன். லைட்டைக் குறைக்கவில்லை. அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லையே.

நீர்வேலியில் வாழை வைக்கிற தோட்டக்காரர்களின் சங்கம் ஒன்று எங்களிடம் வந்தது. அவர்களுக்குள் ஒரு சண்டை. பசளையை, அதுதான் உரத்தை, கூடப் போட்டால் குலை கூடப் பெருக்கும் என்றது ஒரு பகுதி. கண்டபடி போட்டுத்தான் கிணற்றுத் தண்ணி கெட்டுப்போகிறது என்றது மற்றப் பகுதி. மேடம் இரண்டு பகுதியையும் இருத்திவைத்து, அவரவர் தோட்டத்திலேயே துண்டு துண்டாகப் பிரித்து, ஒன்றில் பசளை குறைய, ஒன்றில் கூட, ஒன்றில் தண்ணி குறைய, ஒன்றில் கூட என்று போடவைத்தார். குலைகளை வெட்டும்போது தராசோடு போய் நின்று நிறுத்தார். வெயிலில் கறுத்துப்போய்த் திரும்பி வருவார். நான் காற்றாடிக்குக் கீழே இருந்து அவருக்காக இரக்கப்படுவேன்.

கடைசியில் எல்லாம் சேர்ந்து ஒரு வரைபாக வந்தது. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. இடமிருந்து வலமாகப் போகப் போகப் பசளை கூடும். முன்னிருந்து பின்னாகப் போகப் போகத் தண்ணி இறைப்பது கூடும். குலையின் நிறைதான் உயரம். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் கவிழ்த்துவைத்த சட்டி மாதிரி ஒரு மேடு. மேட்டின் உச்சி எந்த இடத்தில் இருக்கிறதோ, அந்த அளவு பசளையும் அந்த அளவு தண்ணியும்தான் குலைக்கு நல்லது. உச்சி நடுவில் இல்லை, இடப்பக்கம் தள்ளி இருந்தது. அதாவது, அவர்கள் போட்டுக்கொண்டிருந்த பசளையில் ஏறக்குறையப் பாதியே போதும். அதற்கு மேலே போட்டால் குலை சிறுத்துக்கொண்டு வரும்.

இவ்வளவு நல்ல செய்தியைச் சும்மா அனுப்ப எனக்கு மனம் வருமா? மேடு முழுவதற்கும் பழுத்த கதலியின் பொன்நிறம் ஒன்றே ஒன்று கொடுத்தேன். உயரத்துக்கு ஏற்றபடி நிறம் மாறுவதை எடுத்துவிட்டேன், பார்க்க வாழைக்காய்ப் பச்சையும் பழமுமாகக் குழம்பிக் கிடந்தது. மேலே ஓடிய கட்டக் கோடுகளை அழித்தேன், சருமம் மொழுமொழு என்று வந்தது. அச்சுகளில் இருந்த இலக்கங்களை நெருக்கமாக இருக்கின்றனவே என்று தூக்கினேன். பிறகு வலப்பக்கம் மேலிருந்து ஒரு லைட், பளபளப்புக் கொஞ்சம் கூட. மேடத்துக்கு லப்டொப்பில் காட்டினேன். அவருக்கும் பிடித்தது. "நல்லாயிருக்கு அண்ணை, மெழுகு பூசின மாதிரி" என்றார். அறைக்குள், சின்னத் திரையில், உச்சி உச்சியாகத்தான் தெரிந்தது. பளபளப்பு மெல்லிய மினுக்கமாகத்தான் இருந்தது.

சங்கத்தின் மண்டபம் பாதிச் சுவர் மண்டபம். மேல்பாதி கம்பிவலை. வெளியே வெயில் எரித்தது, உள்ளேயும் அதே வெயில்தான். கதிரை போதாமல் கொஞ்சப் பேர் நீள வாங்குகளில் நெருங்கி இருந்தார்கள். வாழைப்பழ வாய்ப்பன் பொரிக்கிற வாசம் பின்பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. சங்கத் தலைவர், கடும் வேகமான மனிதர், வந்தவுடனேயே சொல்லிவிட்டார்.

"பிள்ளை, மழைக்கு முந்திப் பசளை வந்து இறங்கவேணும். கூட்டம் முடிஞ்ச கையோடை நான் ஓடர் சொல்லவேணும். எவ்வளவு எண்டு மட்டும் சொல்லுங்கோ, காணும்."

அதற்குள் நடுவாங்கில் இருந்த ஓர் அம்மா எழும்பினார். கையில் மடித்த சிவப்புக் குடை.

"தலைவர், ஓடர் கிடக்கட்டும். என்ரை கிணறு உங்கடை தோட்டத்துக்குப் பக்கத்திலை. மகளுக்கு இப்பத்தான் குழந்தை பிறந்து, வீட்டிலை வந்து நிக்கிறாள். அந்தத் தண்ணியைத்தான் ஆத்திக் குடுக்கிறம். நீங்கள் கொட்டுறது எல்லாம் உந்தச் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளாலை இறங்கி அங்கைதான் வரும்."

"அதுக்குத்தானே இவையைக் கூப்பிட்டது. இருங்கோ அக்கா."

"இருக்கிறன். ஆனால் பாத்துக்கொண்டு இருக்கிறன்."

மேடம் எனக்குத் தலையசைத்தார். நான் புரொஜெக்டரைப் போட்டேன்.

சுவரில் விழுந்ததைப் பார்த்து மண்டபமே "ஆ" என்றது. நானும் ஒரு நொடி மார்பு விரித்தேன். பிறகுதான் பார்த்தேன். வெயில் வெளிச்சத்தில் என் கதலிப் பொன்நிறம் முழுக்க வெளிறிப்போயிருந்தது. மேடு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று ஒன்றும் தெரியவில்லை. சுவரில் தெளிவாக நின்றது ஒரே ஒரு சாமான்: வலப்பக்கச் சரிவில் நான் போட்ட லைட்டின் பளிச்சென்ற வெள்ளைப் பொட்டு.

தலைவர் எழும்பி நேரே சுவருக்குப் போனார். விரலை அந்தப் பொட்டில் வைத்தார்.

"இதுதானே உச்சம்! வலப்பக்கம் எண்டால் பசளை கூட. நான் அப்பவே சொன்னனான். இப்ப போடுறது காணாது, இன்னும் போடவேணும்."

அவர் பகுதிக்காரர் கைதட்டினார்கள். தலைவரின் மற்றக் கை சட்டைப் பையில் இருந்த போனுக்குப் போனது. சிவப்புக் குடை அம்மாவின் முகம் இறுகிவிட்டது. அவர் பார்த்தது தலைவரை அல்ல, மேடத்தை.

அந்த நேரத்தில் நான் எப்படி நடந்துகொண்டேன் என்பதை உங்களுக்கு மறைக்கப் போவதில்லை. முதலில் கரண்ட் போகவேண்டும் என்று மன்றாடினேன். தேவையில்லாத நேரமெல்லாம் போகிற கரண்ட் அன்றைக்குக் கடமை தவறாமல் நின்றது. அடுத்து இணுவில் கந்தனுக்கு ஒரு காவடி நேர்ந்தேன். எடுப்பது நானா மேடமா என்று தெளிவாகச் சொல்லவில்லை, எனக்கு இடுப்பில் நாரிப்பிடிப்பு. பின்கதவால் இறங்கினால் வாழைத்தோட்டம், அதற்குள் பதுங்கினால் பின்னேரம் வரை ஒருவரும் கண்டுபிடிக்கமாட்டார்கள் என்பதையும் கணக்கிட்டேன். என் தொழில் வாழ்க்கையில் நான் பிழையில்லாமல் செய்த ஒரே கணக்கு அதுதான்.

கடைசியாக, வரைபைக் கொஞ்சம் திருப்பினால் பொட்டு சரிவைவிட்டுப் போய்விடும் என்று மவுஸைப் பிடித்தேன். கை வேர்த்து வழுக்கியது. மவுஸ் ஒரே இழுவையாக மேசையின் விளிம்புவரை போனது. சுவரில் என் மேடு ஆடி, குத்துக்கரணம் போட்டு, தலைகீழாகப் போய் நின்றது. கவிழ்ந்திருந்த சட்டி இப்போது நிமிர்ந்த சட்டி. எழுத்தெல்லாம் கால்மாடு தலைமாடு, இடம் வலம் மட்டும் மாறவில்லை.

நடுவாங்கிலிருந்து சிவப்புக் குடை அம்மாவின் குரல் வந்தது.

"தம்பி, மலை காட்டுறன் எண்டு சொல்லிப்போட்டுக் குளம் வெட்டிப்போட்டீரே!"

சிரிப்பு வெடித்தது. தலைவரும் சிரித்துவிட்டார். போனுக்குப் போன கை வயிற்றைப் பிடிக்கத் திரும்பி வந்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. எப்படியாவது நிமிர்த்திவிடவேண்டும் என்று மவுஸை மறுபடி எட்டினேன்.

"அண்ணை, தொடாதேங்கோ. அப்படியே விடுங்கோ."

மேடம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, பதற்றமும் இல்லை. சமையலில் உப்புப் பார்க்கிற ஆளின் முகம் மாதிரி இருந்தது. நான் அவரிடம் கண்டு இன்றுவரை வியக்கிற இடம் இதுதான். ஒரு விபத்து நடந்தால் நாங்கள் எல்லோரும் அதை அழிக்கப் பார்ப்போம். அவர் அதில் உதவுகிறது ஏதும் இருக்கிறதா என்று பார்த்தார்.

"லைட்டை மட்டும் நிப்பாட்டுங்கோ. நிறத்தை எடுத்துப்போட்டுக் கறுப்பிலை கோடுகளைப் போடுங்கோ. இலக்கங்களும் வேணும்."

நான் செய்தேன். என் சோடிப்பு முழுக்க ஒவ்வொன்றாகக் கழன்றது. கடைசியில் சுவரில் நின்றது நாலு மூலையிலும் கட்டித் தொங்கவிட்ட வலை மாதிரி ஒன்று. கறுப்புக் கோடு என்பதால் வெயிலுக்கும் அசையாமல் தெரிந்தது.

மேடம் மண்டபத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"அக்கா சொன்ன மாதிரி இது இப்ப குளம். நல்ல மழை ஒண்டு பெய்து விட்டால், தண்ணி எங்கை தேங்கும்? வந்து காட்டுங்கோ பாப்பம்."

பிள்ளைகளே, எங்கள் குடாநாட்டில் மலை கிடையாது. மலையைப் படத்தில்தான் கண்டிருக்கிறோம். ஆனால் ஒரு துண்டு நிலத்தைக் காட்டி, இதில் தண்ணி எங்கே நிற்கும் என்று கேட்டுப் பாருங்கள். மாரி மழைக்கு முற்றத்தில் வாய்க்கால் வெட்டிப் பழகிய சனம். கை நீட்டாதவர் ஒருவரும் இல்லை. "உதிலை", "இஞ்சாலை, இடப்பக்கம்", "இன்னும் கொஞ்சம் பின்னுக்குப் போங்கோ" என்று வாங்குகளிலிருந்து குரல்கள். தலைவரே போய் விரல் வைத்தார். வைத்த இடம் இடப்பக்கம்.

"இதிலைதான். இதிலை தண்ணி நிண்டு நெடுநாள் வத்தாது."

"சரியான இடம் ஐயா. விரலை எடுக்காதேங்கோ" என்றார் மேடம். பிறகு என்னிடம், "அண்ணை, அவர் விரல் வைச்ச இடத்திலை, அந்தக் கோடுகள் வெட்டுற இடத்திலை ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கோ" என்றார்.

வைத்தேன். ஒரு கையால்தான், மற்றக் கை இன்னும் மேசைக்கால் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தது.

நானாக இருந்தால் அதோடு நிறுத்தியிருப்பேன். எல்லோரும் சரியான இடத்தைக் காட்டிவிட்டார்கள், அப்பாடா என்று தேத்தண்ணிக்குப் போயிருப்பேன். மேடம் நிறுத்தவில்லை.

"இப்ப நான் ஒண்டு சொல்லவேணும். படம் தலைகீழாக் கிடக்கு. குளத்தின்ரை அடிதான் உண்மையிலை மேட்டின்ரை உச்சி. என்ரை சொல்லை நம்பவேண்டாம். அண்ணை இப்ப மெல்லமா நிமித்துவார், நீங்கள் சிவப்புப் புள்ளியிலை மட்டும் கண்ணை வைச்சிருங்கோ."

மெல்லமா என்ற சொல்லை என்னைப் பார்த்துச் சொன்னார். நான் மவுஸை எறும்பு நகர்கிற மாதிரி நகர்த்தினேன். சுவரில் குளம் புரண்டு மேடானது. சிவப்புப் புள்ளி அடியிலிருந்து கிளம்பி மேலே மேலே போய் எல்லாவற்றுக்கும் உயரத்தில் நின்றது. முதலில் வெள்ளைப் பொட்டு இருந்த இடம் அதற்கு வெகு தள்ளி, வலப்பக்கம், சரிவில் கிடந்தது.

தலைவர் புள்ளியைப் பார்த்தார். சரிவைப் பார்த்தார். குரல் கொஞ்சம் தணிந்து வந்தது.

"அப்ப முதல்லை மின்னினது என்ன?"

நான் மேசைக்கடியில் வயர் ஏதும் கழன்றிருக்கிறதா என்று குனிந்து தேடத் தொடங்கினேன்.

"அது லைட், ஐயா" என்றார் மேடம். "படத்தை வடிவாக்க நாங்கள் போட்ட வெளிச்சம். நீங்கள் வெட்டின குலைக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கணக்குச் சரி. நாங்கள் காட்டின விதம் பிழை. நீங்கள் கண்டது பிழையில்லை, எங்கடை படத்திலை அதுதான் தெரிஞ்சுது."

நாங்கள் என்றார். எத்தனையோ பேருக்குக் கீழே வேலை செய்திருக்கிறேன், அந்த இடத்தில் "நாங்கள்" என்று சொன்னவரை அதற்கு முன் கண்டதில்லை. மேசைக்கடியில் குனிந்திருந்த எனக்கு நாரி வலித்தது. ஆனாலும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன்.

தலைவர் லேசில் விடுகிற ஆளில்லை. "அப்ப கூடப் போட்டால் குலை சிறுக்குமோ? அதெப்படிப் பிள்ளை?"

"சிறுக்கும். உச்சியிலையிருந்து வலப்பக்கம் ஒவ்வொரு கட்டமா விரலை நகர்த்துங்கோ. ஏறுதோ இறங்குதோ?"

அவர் நகர்த்தினார். "இறங்குது."

"இது என்ரை சொல்லில்லை. உங்கடை தோட்டத்துத் துண்டும் இதுக்குள்ளை கிடக்கு. குலை வெட்டினது நீங்கள், தராசைப் பிடிச்சது நான்."

"ஓம்" என்றார் தலைவர். அது பெரிய "ஓம்" இல்லை. மனமில்லாத சின்ன "ஓம்". ஆனால் எல்லோருக்கும் கேட்டது. சிவப்புக் குடை அம்மா உட்கார்ந்தபடி, "தலைவர், குளத்துக்குள்ளை விழுந்து எழும்பினது நல்லது, புத்தி குளிர்ந்திட்டுது" என்றார். மறுபடி சிரிப்பு. வாய்ப்பன் தட்டு சுற்றி வந்தது. எனக்கு இரண்டு கிடைத்தது, குளம் வெட்டின கூலி என்றார்கள்.

தேத்தண்ணி குடிக்கும்போது மேடத்திடம் மெதுவாகப் போய், "மேடம், எல்லாம் என்ரை லைட்டாலை" என்றேன். அவர் வாய்ப்பனைக் கடித்துக்கொண்டே சொன்னார்:

"நானும்தானே அண்ணை பாத்து நல்லாயிருக்கு எண்டனான். இனிமேல் ரெண்டு பேரும் படத்தைப் பாத்து ஒரு கேள்வி கேப்பம். இதிலை எது நாங்கள் அளந்தது, எது நாங்கள் போட்டது? போட்டது அளந்ததைவிடப் பளிச்செண்டு தெரிஞ்சால், குறைப்பம்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு நாளும் கதைக்கவில்லை. நான்தான் இருபது தரம் கதைத்திருப்பேன்.

உங்களுக்கு நான் சொல்ல இருப்பதும் ஏறக்குறைய அந்தக் கேள்விதான். சோடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கறுப்பு வலையை அன்றைக்கு மேடம் கேட்டதும் ஒரு சோடிப்புத்தான், ஆனால் அது அளந்ததை எடுத்துக் காட்டுகிற சோடிப்பு. படத்தை அறைக்குள் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லாதீர்கள். பார்க்கப் போகிறவர்கள் எங்கே இருந்து, எந்த வெயிலில் பார்க்கப் போகிறார்களோ அங்கே கொண்டுபோய் ஒருமுறை பாருங்கள். படம் தலைகீழானால் உடனே பாய்ந்து நிமிர்த்தாதீர்கள். அதைச் சொல்ல எனக்குத் தகுதியில்லை, நான் பாய்ந்தவன். பாயாமல் நின்ற ஒருவரைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன் என்ற அளவில் சொல்கிறேன்.

அன்றைக்குக் கடைசியில் நடந்தது இதுதான். தட்டுகளை எடுத்துக்கொண்டிருக்கும்போது தலைவர் மண்டப வாசலில் நின்று பசளைக் கடைக்குப் போன் பண்ணினார். போன வருடம் எடுத்ததில் பாதி அனுப்பினால் போதும் என்றார். மழைக்கு முன் லொறி வந்தது, பாதிச் சுமையோடு.